ஏரிக்கரையில் யாரும் திரும்பவில்லை

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோரிமேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்வந்தாலே “தமிழ்நாட்டுக்குப் போயிருந்தேன்” என்று சொல்லிக்கொள்வோம், ஏதோ கப்பல் ஏறிப் போய்வந்த மாதிரி. அந்தக் கணக்கில் நான் முதன்முதலில் பார்த்த வெளிநாடு திண்டிவனம். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், பிளஸ் டூ பரீட்சையை எழுதித் தலைமுழுகிவிட்டு, சைக்கிளில் போனேன்.

இந்தக் கிறுக்கு ஒரு சிறுவர் கதைப் புத்தகத்திலிருந்து பிடித்தது. நாலைந்து நண்பர்கள் சைக்கிளில் விடுமுறைக்குக் கிளம்புவார்கள். வழியெல்லாம் தின்பார்கள். ஆளில்லாத ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்து ஏதாவது மர்மத்தில் மாட்டிக்கொள்வார்கள். யாரையாவது காப்பாற்றுவார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து தோளில் தட்டிக் கொடுப்பார். நானும் ஸ்டெல்லாவும் அந்தப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்திருக்கிறோம். பெரியவர்கள் ஒருவரும் கூட வரமாட்டார்கள் என்பதுதான் அதில் எங்களுக்கு நம்பவே முடியாத மர்மம்.

ஸ்டெல்லாவின் அத்தை முகையூரில் இருந்தார். “அத்தை வீட்டுக்குத்தானே” என்று சொல்லிச் சொல்லி என் அப்பாவைக் கரைத்தோம். ஸ்டெல்லாவின் அண்ணன் அருள் காவலுக்கு வருவான் என்பது நிபந்தனை. அருள் அப்போது காலேஜில் இரண்டாம் ஆண்டு. நாயைக் கண்டால் சைக்கிளோடு வயலில் இறங்கிவிடுவான். அது அப்பாவுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டினால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எல்லையைத் தாண்டினால் கதையே வேறு. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்கள். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்கள். அதில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “இன்னாத்துக்குடி இதுங்கள இப்டி அவுத்து வுட்டுட்டாங்க?” என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. ஸ்டெல்லாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எங்களை யாராவது அவிழ்த்துவிட மாட்டார்களா என்றுதானே அத்தனை நாள் ஏங்கியிருந்தோம்.

மயிலத்தில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலைப் படியில் கால் வைக்க முடியவில்லை. தாவித் தாவி ஏறினோம். கதையில் வருவது போலச் சாப்பிட வேண்டுமென்று புதுச்சேரியிலிருந்து நீள ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அது அதற்குள் விறகாகிவிட்டது. அருள் அதை நாய்க்காக வைத்துக்கொள்வதாகச் சொல்லி கேரியரில் செருகிக்கொண்டான். அடிவாரத்துக் கடையில் ஒரு அம்மா வாழை இலையில் புளிச்சோறும் மல்லாட்டைத் துவையலும் வைத்தார். வேர்க்கடலை என்று நான் சொன்னதை அவர் திருத்தினார். கதைப் புத்தகத்து ரொட்டியை அதோடு மறந்தோம்.

இரவு திண்டிவனத்தில் என் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் வீட்டில் தங்கினோம். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோமா, போலீஸ்காரர் நிஜமாகவே சிவப்புத் தொப்பி போட்டிருப்பாரா என்று வாத்தியார் மனைவி விசாரித்தார். தொப்பி நிஜம், பிரெஞ்சு பொய் என்றோம். அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. அருள் உடனே எழுந்து தனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளைச் சொல்லிக் காட்டினான். அதற்காகவே அவனுக்கு இன்னொரு தோசை விழுந்தது.

மறுநாள் விடிகாலையில் புறப்பட்டு பனமலைக்கு வந்தோம். குன்றின்மேல் கோயில், கீழே ஏரி. ஏரியில் தண்ணீர் நடுவில் மட்டும் ஒரு பாய் விரித்த அளவுக்குக் கிடந்தது. கோயிலில் பல்லவர் காலத்து ஓவியம் ஒன்று மிச்சமிருக்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் அம்மன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சநேரம் அங்கே காற்றாட உட்கார்ந்திருந்தோம்.

பனமலையிலிருந்து விழுப்புரத்துக்கு நல்ல ரோடு இருக்கிறது. நாங்கள் அதில் போகவில்லை. சாகசக்காரர்கள் நல்ல ரோட்டில் போவார்களா? குன்றின்மேல் இருந்து பார்த்தபோது மண்பாதை ஒன்று பனைமரங்களுக்கு நடுவே குறுக்கே போவது தெரிந்தது. ஸ்டெல்லா அதைக் கை காட்டினாள். அவ்வளவுதான்.

மண்பாதை ஓர் ஊரின் வாசலில் போய் முடிந்தது. அங்கே கருவேல முள்ளை வெட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதற்கு மேலே இரண்டு கம்பு நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. கீழே மஞ்சள் தண்ணீர் தெளித்து மண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அங்கேயே சைக்கிளைத் திருப்பியிருப்பார்கள். நாங்கள் டவுன்காரர்கள். முள், ஆடு போகாமல் இருக்கப் போட்டது என்று முடிவு கட்டினோம். தோரணத்தைப் பார்த்ததும் அருள், “திருவிழா போலகீது. சோறு போடுவாங்க” என்றான். மூன்று பேரும் சேர்ந்து முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனோம்.

தெருவில் யாரும் இல்லை.

முதலில் அது உறைக்கவில்லை. வெயில் நேரம், எல்லாரும் உள்ளே படுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் எல்லா வீட்டுக் கதவும் விரியத் திறந்து கிடந்தது. ஒரு வீட்டில் கொடியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அப்போதுதான், கடிகாரத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது தெரிந்தது. ஒரு கோழி இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது. ஓர் ஊரை யாரோ தட்டைச் சாய்த்துக் கொட்டிவிட்டது போல இருந்தது. அருள் கேரியரில் இருந்த ரொட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். எனக்கு அதைப் பார்த்து ஏனோ சிரிப்பு வரவில்லை.

அடிபம்பின் கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தாகம் தாங்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் ஒரு புதுக் கலயம் இருப்பதைக் கவனித்தோம். மூடியின்மேல் வேப்பங்கொத்து. ஸ்டெல்லா ஒன்றைத் திறந்தாள். கேப்பைக் கூழ், மோர் ஊற்றிக் கரைத்தது. பக்கத்தில் இலையில் சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாடு.

“யாருனா வந்தா சொல்லிக்கலாம்” என்று அருள் சொன்னான். மூன்று பேரும் மாற்றி மாற்றி அந்தக் கலயத்தைக் காலி செய்தோம். அவ்வளவு ருசியான கூழை அதற்கப்புறம் நான் குடித்ததில்லை. குடிக்கும்போது என் முதுகில் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தெரு வெள்ளை வெயிலில் அப்படியே கிடந்தது.

“அம்மா, வந்துட்டியா?”

சத்தம் அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சின்னக் குரல். கலயம் என் கையிலிருந்து நழுவி ஸ்டெல்லாவின் காலில் விழுந்தது. அவள் கத்தக்கூட இல்லை.

உள்ளே இருட்டாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை யாரோ சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். தரையில் பாயின்மேல் வேப்பிலை பரப்பி, அதன்மேல் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று படுத்திருந்தது. உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. கண் இரண்டும் வீங்கிப் பீளை கட்டியிருந்தது. மூச்சு வேகமாக ஓடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

ஸ்டெல்லாவின் அம்மா நர்ஸ். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியையும் உதட்டையும் பார்த்த ஸ்டெல்லா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, உதடு நீலம் பாரிக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்காது.

பிள்ளை ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டது. யாரும்மா உன்கூட இருக்கிறார்கள் என்று கேட்டோம். யாரும் இல்லையாம். அம்மன் வருவாள், பயப்படாமல் இரு, குடுக்கறதை வாங்கிக் குடி, மூஞ்சியைப் பார்க்காதே என்று அதன் அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால்தான் எங்களைப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடியிருந்தது. பேர் செல்வி என்றது. பிறகு, “இன்னொருத்தி எங்க? மொதல்ல வந்தவ?” என்று கேட்டது.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காய்ச்சலில் பிதற்றுகிறது என்று ஸ்டெல்லா சொன்னாள். நானும் அப்படித்தான் என்றேன். ஆனாலும் அந்த வீட்டின் மூலையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்களே. போகாமல் இருந்தால் அது செத்துவிடும். ஸ்டெல்லா பிள்ளையோடு இருப்பது, நானும் அருளும் போய் இதன் அம்மாவைத் தேடுவது என்று முடிவாயிற்று.

தெருக்கோடியில் ஏரிக்கரை தெரிந்தது. கரைமேல் சேலைகளும் வேட்டிகளுமாக வரிசை கட்டி இருந்தது. ஊரே அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

கிட்டே போகப் போகத்தான் பார்த்தேன். ஆண், பெண், குழந்தை என்று ஊர் முழுக்கக் கரைமேல் உட்கார்ந்திருந்தது, வறண்ட ஏரியைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மணிச் சத்தம் கேட்டதும் அத்தனை முதுகும் விறைத்துக்கொண்டது. பெண்கள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒரு குழந்தை தலையைத் திருப்பப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் அதன் முகத்தை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆடுகளும் நாய்களும் மட்டும் எங்களைப் பார்த்தன. கட்டிப்போட்டிருந்த நாய்கள் குரைக்கவே இல்லை.

“ஐயா” என்று அருள் கூப்பிட்டான். இன்னொரு தரம் கூப்பிட்டான். குரல் உடைந்துவிட்டது. பிறகு நான் கூப்பிட்டேன்.

பெண்குரல் கேட்டதும் கூட்டத்தில் ஒரு நடுக்கம் ஓடியது. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஏரியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“யாரும் திரும்பல தாயி. ஊர உங்கிட்டதான் வுட்டுட்டு வந்துகீறோம். பொழுது சாயட்டும், வந்துடறோம். புள்ளகுட்டிக்காரங்க, கோவிச்சிக்காத.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பயணம் முழுக்க எங்கேயாவது பேய், மர்மம் வராதா என்று தேடிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். இந்த ஊருக்கு நாங்கள்தான் பேய். அத்தனை பேரும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

நான் வசந்தி, பாண்டிச்சேரியிலிருந்து வருகிறேன், இது என் சிநேகிதியின் அண்ணன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அம்மன் அன்றைக்கு எந்த ரூபத்திலும் வருவாள், எந்த ஊர்ப் பேரையும் சொல்லுவாள், திரும்பிப் பார்த்தால் அந்த வருஷம் ஊரில் அம்மை நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை என்று பிற்பாடு தெரிந்தது. நான் பேசப் பேச அவர்களுக்குப் பயம்தான் கூடியது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

“செல்விக்கு மூச்சு இழுக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணும். அதும் அம்மா யாரு?” என்று கத்தினேன்.

பிறகு வரிசையில் ஒரு ஓரத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர் ஏரியைப் பார்த்தபடியே, “ஒக்காருடி. ஊரக் கெடுத்துடாத” என்றார்.

“நான் திரும்பல மாமா. திரும்பாமதான் போறேன்” என்றாள் அவள்.

சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். கரை அங்கே செங்குத்து. குதிகாலால் தடவித் தடவி, ஏரியைப் பார்த்த முகம் பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாக எங்களை நோக்கி இறங்கினாள். ஒரு கையைப் பின்னால் நீட்டியிருந்தாள். அந்தக் கை காற்றில் எதையோ தேடியது. அதைத் தொட எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? போய்ப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. அவள் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

ஊர்வரைக்கும் அப்படியே பின்பக்கமாகத்தான் வந்தாள். நான் ஒரு கையில் சைக்கிளையும் ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு வந்தேன். அருள் முன்னால் போய் வழியில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டான். வீட்டு வாசலில் அவள் நின்று, “கூட இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லு தாயி. புள்ளைய நான் பாக்கலாம். ஒங்களத்தான் பாக்கக் கூடாது” என்றாள். ஸ்டெல்லா வெளியே வந்து நின்றாள். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ள, அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அருளின் கேரியரில் அவள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவள் பார்வையில் படக்கூடாது என்பதால் நானும் ஸ்டெல்லாவும் முன்னால் போகவேண்டியதாயிற்று. ஊர் எல்லையைத் தாண்டும்போதே அருளின் டயர் உஸ்ஸென்று இறங்கியது. நாங்களே இழுத்துப் போட்ட கருவேல முள். பழி தீர்த்துக்கொண்டுவிட்டது. பிள்ளையையும் அம்மாவையும் என் கேரியருக்கு மாற்றிக்கொண்டேன். அருள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினான். மணலில் சக்கரம் புதைந்தது. செல்வியின் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கர் கர்ரென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை பரவாயில்லை என்று நினைத்து மிதித்தேன். இடையில் ஒரு தரம் நின்றுபோனது. நான் பிரேக் பிடித்துவிட்டேன். மறுபடி கேட்டது.

தார் ரோட்டில் ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் வேப்பிலையையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே சின்னக் குழந்தைகள் இருக்கின்றன என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டார். அடுத்து வந்தது மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி. டிரைவர் கேள்வியே கேட்கவில்லை. “ஜல்தி ஏறுங்க” என்று சொல்லி, சைக்கிள்களையும் தூக்கி மேலே போட்டார். செல்வியின் அம்மா மூட்டைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

லாரியில்தான் அவள் கொஞ்சம் பேசினாள். மூன்று வருஷமாக மழை இல்லை. இந்தக் கோடையில் வீட்டுக்கு வீடு அம்மை. அதனால் ஒரு பகல் முழுக்க ஊரைக் காலி செய்து அம்மனிடம் கொடுத்துவிட்டு, ஆடு மாட்டோடு ஏரிக்கரையில் போய் உட்கார்வதென்று முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு அம்மனுக்குக் கூழ். அம்மை தேறியவர்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். உடம்பில் அம்மை இருக்கும் பிள்ளையை மட்டும் நகர்த்தக் கூடாது, அது அம்மனின் விருந்தாளி. புருஷன் எங்கேயோ செங்கல் சூளையில். மாமனார் முறை ஆகிற அந்தப் பெரியவர் சொன்ன சொல்லைத் தட்ட முடியவில்லை. காலையிலிருந்து கரையில் உட்கார்ந்து, இப்போது மூச்சு இருக்குமா, இப்போது இருக்குமா என்று எண்ணிக்கொண்டே இருந்தாளாம். இதையெல்லாம் அவள் மூட்டைகளைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்சநேரத்தில் செல்வியின் விலா உள்ளே போவது குறைந்தது. உதட்டின் நீலம் மெல்ல மெல்லப் போனது. தகுந்த நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இனி பயமில்லை என்று நர்சம்மா சொன்னபோது ஸ்டெல்லா தாழ்வாரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதுவரை அவள் அழாமல் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் செல்வியின் அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“இருக்கியா தாயி?” என்றாள்.

“இருக்கேன்.”

“பொழுது சாயப்போவுது. அதுக்கு முன்ன போயிடு.”

எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, இன்னும் என்ன பயம்? ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்து, மனுஷியாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. நான் ஒன்றும் அம்மன் இல்லை, பிளஸ் டூ எழுதிய பெண், திரும்பிப் பாருங்கக்கா என்று கெஞ்சினேன்.

அவள் திரும்பவில்லை.

“தெரியும்” என்றாள். “கரைல கையப் புடிச்சப்பவே தெரிஞ்சுது. பிளாஸ்டிக் வளையலு. கையெல்லாம் வேர்வ. அம்மாளுக்கு வேர்க்குமா? ஆனா நான் பாக்கல. பாத்துட்டா நீ யாரோ ஒரு பொண்ணு ஆயிடுவே. நான் ஊர் பேச்சத் தட்டிக்கினு எழுந்து வந்தவ ஆயிடுவேன். அந்த ஊருல நானும் இந்தப் புள்ளையும் இன்னும் குடியிருக்கணும் இல்ல?”

செல்வி கண்ணைத் திறந்து, அம்மாவின் இடுப்புக்குப் பக்கமாக என்னை எட்டிப் பார்த்தது. அவள் குனிந்து தன் உள்ளங்கையால் அதன் கண்ணை மூடினாள். ரொம்ப மெதுவாக, தூங்கவைப்பது போல. நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்தோம். மேற்கே வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அன்று இரவு அருளின் காலேஜ் நண்பன் வீட்டில், ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கினோம். ஜங்ஷன் பக்கத்தில் என்பதால் விடிய விடிய ரயில் சத்தம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் அவ்வளவு ரயில் ஒரு மாதத்தில்கூட வராது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நான் தூங்கியிருக்கமாட்டேன்.

முகையூரில் ஸ்டெல்லாவின் அத்தை எங்களைப் பார்த்ததும் முதலில் வெந்நீரில் குளிக்கச் சொன்னார். அப்புறம் கோழிக்குழம்பு. ஒரு வாரம் தின்றோம், தூங்கினோம். நடந்ததை யாரும் வாய் திறந்து பேசவில்லை. ஸ்டெல்லா மட்டும் இரண்டு வேளையும் மாதா கோயிலுக்குப் போய்வந்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை நிலத்தில் மல்லாட்டை பிடுங்க வரும் அஞ்சலை என்ற அம்மா மோர் வாங்க வந்தார். பனமலைப் பக்கம் அவர் தன் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருந்தார். வாசலில் நின்றபடியே சேதி சொன்னார். அங்கே ஓர் ஊரில் அம்மனே ஏரிக்கரைக்கு வந்து, மணி அடித்து, ஒருத்தியைப் பேர் சொல்லி எழுப்பினாளாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மறைந்துவிட்டாளாம். அந்த வீட்டுக் கூழ் மட்டும் ஒரு சொட்டு இல்லாமல் காலியாம். பிள்ளை பிழைத்து நேற்று வீடு வந்தபோது ஊரே திரண்டு போய் ஆரத்தி எடுத்து, அம்மாவையும் மகளையும் அழைத்து வந்ததாம். இனிமேல் அம்மை போட்ட பிள்ளையைத் தனியே விடுவதில்லை, அம்மனே ஆஸ்பத்திரிக்கு வழி காட்டிவிட்டாள் என்று பெரியவர் சொல்லிவிட்டாராம்.

அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். “யார்னா பாத்தாங்களா?” என்று கேட்டார்.

“யாரும் பாக்கலம்மா. பாத்திருந்தா அந்தப் பொம்பள ஊருக்குள்ள கால வைக்க முடியுமா?” என்றார் அஞ்சலை. பிறகு எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, “நீங்களும் அந்தப் பக்கமாதான வந்தீங்க? எதுனா பாத்தீங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

அருள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஸ்டெல்லா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் வந்து தோளில் தட்டும் இடம் இதுதான். சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. பதினேழு வயதில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

“இல்லீங்க. நாங்க நல்ல ரோட்லதான் வந்தோம். அந்த ஊருப் பக்கமே போவல” என்றேன்.

அஞ்சலை தலையை ஆட்டிக்கொண்டு மோர்ச் செம்போடு போனார். நான் சோற்றைப் பிசைந்தேன். சொல்லி முடித்தபிறகு, அந்த ஏரிக்கரையில் அன்றைக்கு அவள் கையைப் பிடித்தது நான்தானா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.